ரெக்கார்டின் இடப்பக்கம்

அக்டோபர் 14, திங்கள்

ஆயுதபூஜை முடிந்து இன்றுதான் கணினி ஆய்வகத்தின் சாவி என் கைக்கு வந்தது. ஜூனில் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். பூஜைக்குத் திறப்போம், அப்போது பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போனேன். பதினெட்டுக் கணினிகள். திரைக்கு ஒரு பொட்டு, பெட்டிக்கு ஒரு பொட்டு, விசைப்பலகைக்கு நடுவில் ஒரு பொட்டு. பெட்டியின் பொட்டை யாரோ சரியாகப் பவர் பட்டன் மேலேயே வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றாக அழுத்தினேன். விரலில் குங்குமம் ஒட்டியதுதான் மிச்சம்.

பதினெட்டில் நான்குக்கு மட்டும் உயிர் இருந்தது. அதில் மூன்று, இது முறையான பிரதி அல்ல என்று மூலையில் எழுதிக் காட்டிவிட்டுக் கறுப்பாக நின்றன. நான்காவது கடவுச்சொல் கேட்டது. அது எனக்கு முன்னால் இங்கே இருந்த சாந்தி மிஸ்ஸுக்குத் தெரிந்திருக்கலாம். அவர் கணவருக்கு மாற்றலாகி ஓசூர் போய்விட்டார்.

பிளஸ் டூவில் கணினி அறிவியல் எடுத்த பெண்கள் இருபத்துமூன்று பேர். பிப்ரவரியில் செய்முறைத் தேர்வு. இதுவரை அவர்கள் எழுதிய எந்தப் புரோகிராமும் எந்தக் கணினியிலும் ஓடியதில்லை.

நானும் இந்தப் பள்ளியில் படித்தவள்தான். அப்போது இந்தக் கணினிகள் புதியவை. ஜன்னல் வழியாகப் பார்ப்போம்.

அக்டோபர் 15, செவ்வாய்

முதல்வர் சந்திரமதி மேடத்திடம் சொன்னேன். ரெக்கார்டு நோட்டு முடிந்துவிட்டதா என்று கேட்டார். முடிந்துவிட்டது என்றேன். அப்புறம் என்ன என்றார்.

அக்டோபர் 17, வியாழன்

தாளாளரைப் பார்க்க முக்கால் மணி நேரம் காத்திருந்தேன். குழந்தைவேல் ஐயாவுக்கு ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகள் ஆறு இருக்கின்றன. வடக்கே எங்கெங்கோ போர் போட்டுக்கொண்டிருக்கின்றன. பள்ளி அவருக்கு ஏழாவது வண்டி. நான் உள்ளே போனபோது யாருடனோ கம்ப்ரசர் பற்றித் தொலைபேசியில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். பேசி முடித்ததும் என்னைப் பார்த்துச் சிரித்தார். கெட்டவர் இல்லை. அதுதான் எரிச்சலாக இருக்கிறது.

என்ன சொல்ல வேண்டும் என்று மூன்று முறை மனத்துக்குள் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் போனேன். அங்கே போனதும் பாதியை மறந்துவிட்டேன். சர்வீஸ்காரர் ஏற்கெனவே வந்து பார்த்திருக்கிறாராம். கணினிகள் பழையவை, புது விண்டோஸ் இதில் ஏறாது, மொத்தமாக மாற்றுங்கள் என்று சொல்லியிருக்கிறாராம். அதை அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார் ஐயா.

இந்த வருடப் பிள்ளைகள் அடுத்த வருடம் இங்கே இருக்க மாட்டார்களே என்று சொல்ல நினைத்தேன். வாயில் வந்தது வேறு. லினக்ஸ் என்று ஒன்று இருக்கிறது, இலவசம், பழைய கணினியிலும் ஓடும், என் லேப்டாப்பில் அதைத்தான் வைத்திருக்கிறேன் என்றேன்.

"இலவசமா?" என்றார். "எவன் சும்மா குடுப்பான் கண்ணு? எங்கியோ ஒரு பக்கம் புடுங்கிருவான்."

ஊர் உலகத்தில் இருப்பவர்கள் சேர்ந்து எழுதுவது, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், அடுத்தவருக்கும் கொடுக்கலாம் என்று விளக்கினேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார் என்று சொல்ல முடியாது. கடைசியில், "செலவில்லாமப் பண்றதுன்னா பண்ணிக்கம்மணி. கரண்டு பில்லப் பாத்துக்க" என்றார்.

சொல்ல மறந்த பாதி வெளியே வந்த பிறகு நினைவுக்கு வந்தது. நினைக்க நினைக்க இன்னும் கோபம் வந்தது. பிள்ளைகள் பாடம் படிக்க வேண்டும் என்று கேட்பதற்கு நான் ஏன் பயப்பட வேண்டும்?

அக்டோபர் 22, செவ்வாய்

மாலை நாலரைக்கு, பள்ளி வேன்கள் கிளம்பிய பிறகு உட்கார்ந்தேன். உயிர் இருந்த ஒரு கணினியில் லினக்ஸ் ஏற்றிய பென்டிரைவைச் செருகினேன். வட்டில் இருப்பதை எல்லாம் அழித்துவிட்டு நிறுவவா என்று கேட்டது. அழிப்பதற்கு முன்னால் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். நான்கு வருட ஆண்டுவிழாப் புகைப்படங்கள், ஐயாவின் மகள் கல்யாணப் பத்திரிகையின் எட்டு மாதிரிகள், சீட்டு விளையாட்டு ஒன்று. மாணவிகள் செய்தது என்று ஒரு கோப்பு இல்லை. ஒன்றுகூட இல்லை.

புகைப்படங்களை எடுத்து வைத்துக்கொண்டு மற்றதை அழித்தேன்.

இருபத்தைந்து நிமிடத்தில் கணினி எழுந்து நின்றது. யாரும் உரிமம் கேட்கவில்லை. மூலையில் குற்றம் சொல்லும் எழுத்து இல்லை. தமிழில் வேண்டுமா என்று கேட்டது. வேண்டும் என்றேன். பாடத்தில் புரோகிராம் எழுதும் பைத்தான் மொழியும் கூடவே வந்திருந்தது.

அப்பாவிடம் சொன்னேன். தறிப் பட்டறையிலிருந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தார். பழைய தறிக்குப் புது மோட்டார் போட்ட மாதிரியா என்று கேட்டார். மோட்டார் அதேதான், ஓட்டும் விதம்தான் மாறுகிறது என்றேன். தலையாட்டினார். அவருக்குப் புரிந்தது. ஐயாவுக்குப் புரியாதது அவருக்குப் புரிந்தது.

நவம்பர் 4, திங்கள்

தீபாவளிக்கு ஊரே வெடித்துக்கொண்டிருந்தபோது நான் செத்த கணினிகளைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். இன்று மௌனிகாவும் இன்னும் இரண்டு பெண்களும் மாலையில் இருந்து உதவினார்கள். மௌனிகா என்று பெயர் வைத்த அவள் அப்பாவை ஒருநாள் பார்க்க வேண்டும். அந்தப் பெண் வாயை மூடி நான் பார்த்ததில்லை.

பாதிக் கணினிகளில் நினைவகச் சில்லில் அழுக்கு, அவ்வளவுதான். அதைக் கழற்றி, பொன்னிற ஓரத்தைப் பென்சில் ரப்பரால் தேய்த்து மறுபடி மாட்டினால் எழுந்துகொள்கிறது. நாலு ரூபாய் ரப்பர். இதற்குத்தான் சர்வீஸ்காரர் மொத்தமாக மாற்றச் சொன்னார்.

"எங்கப்பா லாரிக்கு பேட்டரி முனைய உப்புத்தாள்ல தேய்ப்பாருங்க மிஸ். அதேதான்" என்றாள் மௌனிகா. அவளுடைய ரப்பர் தேய்ந்து பட்டாணி அளவுக்கு ஆகிவிட்டது.

மொத்தம் ஒன்பது ஓடுகின்றன.

நவம்பர் 11, திங்கள்

பதினான்கு. மற்ற நான்கையும் உதிரி பாகத்துக்குப் பிரித்துவிட்டோம்.

இன்று இருபத்துமூன்று பேரையும் அழைத்துப்போனேன். வாசலில் இருபத்துமூன்று ஜோடி ஷூக்கள். உள்ளே போனவர்கள் கோயிலில் நிற்பதுபோலக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். தொடுங்கள் என்றேன். யாரும் தொடவில்லை. தொட்டால் திட்டுவார்கள் என்று இரண்டு வருடமாகச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். கணினி படிக்க வந்த பிள்ளைகளிடம் கணினியைத் தொடாதே என்று சொன்னவர்களை என்ன செய்வது?

நஸ்ரின் மௌஸைக் கையில் எடுத்துத் திரைக்கு நேராகப் பிடித்தாள். டிவி ரிமோட் போல. யாரும் சிரிக்கவில்லை. அவர்களுக்கும் தெரியாது. நானும் சிரிக்கவில்லை.

கல்லூரியில் என்னோடு ஒரு பெண் படித்தாள். பிளஸ் டூ செய்முறைத் தேர்வில் முழு மதிப்பெண் வாங்கி வந்தவள். முதல் நாள் ஆய்வகத்தில் திரையின் பட்டனை அழுத்திவிட்டு, பெட்டியைப் போட வேண்டும் என்று தெரியாமல் இருபது நிமிடம் இருட்டுத் திரை முன்னால் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இருந்தவன் வகுப்புக்கே கேட்கும்படி, "ஃபுல் மார்க் மேடம், கரண்டு வந்துச்சா?" என்றான். மூன்று வருடமும் அவளுக்கு அதுதான் பெயர். கரண்டு. அவள் அதற்கப்புறம் வகுப்பில் எதுவுமே கேட்டதில்லை.

இந்த இருபத்துமூன்று பேரில் ஒருத்திக்கும் அந்தப் பெயர் வரக் கூடாது. அவ்வளவுதான் எனக்கு வேண்டியது.

நவம்பர் 13, புதன்

எதிர்பாராத ஒன்று நடந்தது. முழுவதும் எழுதுகிறேன்.

இன்று ரெக்கார்டில் இருக்கும் ஒரு புரோகிராமை ஓட்டச் சொன்னேன். ரெக்கார்டு நோட்டில் வலப்பக்கம் கோடு போட்டது. அதில் புரோகிராமைப் பேனாவால் எழுத வேண்டும். இடப்பக்கம் வெள்ளை, அதில் கணினி தந்த விடையைப் பென்சிலால் எழுத வேண்டும். இது ஒரு தொடரின் கூட்டுத்தொகை. ஐந்து என்று கொடுத்தால் ஒன்று, இரண்டு, ஒன்பது, அறுபத்துநான்கு, அறுநூற்று இருபத்தைந்து ஆகிய ஐந்தையும் கூட்டிச் சொல்ல வேண்டும்.

ரெக்கார்டில் 691 என்று இருக்கிறது. கணினி 701.0 என்றது.

முதலில் நஸ்ரின் கையைத் தூக்கினாள். பிறகு எல்லோரும். பதினான்கு கணினியிலும் 701.0. கம்ப்யூட்டர் தப்பாகச் சொல்கிறது என்றார்கள். ஒருத்தி புரோகிராமை அழித்து மறுபடி எழுதினாள். ஒருத்தி கணினியையே அணைத்துப் போட்டாள்.

"ஓசி சிஸ்டம்ல மிஸ்" என்றாள் மௌனிகா. "அதான் பத்து கொசுறு போட்டுக் குடுக்குது."

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். பிறகு, கையால் கூட்டிப் பாருங்கள் என்றேன். கூட்டினார்கள். கணினிதான் சரி. எழுபத்தாறோடு அறுநூற்று இருபத்தைந்தைக் கூட்டும்போது ஆறும் ஐந்தும் பதினொன்று. அந்தப் பதினொன்றில் மேலே கொண்டுபோக வேண்டிய ஒன்றை யாரோ மறந்திருக்கிறார்கள்.

கணினி அப்படி மறக்காது. அப்படியானால் அந்த 691-ஐ எந்தக் கணினியும் சொல்லவில்லை. யாரோ ஒருத்தி பென்சிலை வைத்துக்கொண்டு மனக்கணக்காகப் போட்டு, கணினி சொன்னதாக எழுதியிருக்கிறாள்.

அந்த எண்ணைப் பார்த்ததும் எங்கோ பார்த்ததுபோல இருந்தது. ஏதாவது பேருந்து எண்ணாக இருக்கும்.

நவம்பர் 14, வியாழன்

இருபத்துமூன்று ரெக்கார்டுகளையும் வீட்டுக்குச் சுமந்து வந்தேன். இருபத்துமூன்றிலும் 691. ஒவ்வொன்றின் மேலும் சிவப்பு மையில் ஒரு கையெழுத்து. கையெழுத்து என்னுடையது. ஜூலையில் போட்டது. ஒரே நாளில் எல்லாவற்றிலும் போட்டிருக்கிறேன். ஒன்றைக்கூடக் கூட்டிப் பார்க்கவில்லை.

சாவி கொடுக்காதவர்கள்தான் இதற்குக் காரணம்.

நவம்பர் 20, புதன்

விடையை மாற்றி எழுத வைக்கலாமா என்று சந்திரமதி மேடத்திடம் கேட்டேன். கூடாது என்றார். அழித்தால் மேலே இருக்கும் கையெழுத்தும் அழியும். கையெழுத்து அழிந்த ரெக்கார்டை வெளித்தேர்வாளர் ஏற்க மாட்டார். அதோடு போன வருடம், அதற்கு முந்தைய வருடம் எல்லாம் இப்படித்தான் போயிருக்கிறது, யாரும் எதுவும் சொன்னதில்லை.

"தப்புன்னு தெரிஞ்சே வைக்கறதுங்களா மேடம்?" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"தப்புன்னு உனக்குத்தானே தெரியும்" என்றார் மேடம்.

இதை எழுதும்போதுகூடக் காது சுடுகிறது.

நவம்பர் 26, செவ்வாய்

ஏதோ ஒரு பெண்ணின் அப்பா தாளாளருக்குப் போன் செய்திருக்கிறார். புதுக் கம்ப்யூட்டர் ரெக்கார்டுக்கு மாறாக விடை சொல்கிறதாம், பிள்ளைக்கு மார்க் போய்விடுமா என்று கேட்டிருக்கிறார். ஐயா நேரே ஆய்வகத்துக்கு வந்துவிட்டார். அவரும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வந்தார்.

கூட்டிக் காட்டினேன். கணக்கு அவருக்குச் சட்டென்று புரிந்தது. எத்தனை அடிக்கு எவ்வளவு கேசிங் பைப் என்று வாயாலேயே கூட்டுகிறவர். ஆனால் அவர் கவலை அது இல்லை. திரையைப் பார்த்து, விண்டோஸ் எங்கே என்றார். அந்தப் பச்சை மேடு, நீல வானம் படம் எங்கே என்றார். அட்மிஷனுக்கு வருகிறவர்கள் அதைத்தான் எதிர்பார்ப்பார்கள், இதைப் பார்த்தால் ஏதோ மட்டமான சரக்கு என்று நினைப்பார்கள் என்றார். பச்சை மேடு ஒன்று தேடிப் பதினான்கு திரையிலும் போட்டேன். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த மேட்டில் ஒரு போர் போட்டிருக்கலாம்.

படம் போட்டதும் ஐயாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. புகைப்படக்காரரை வரவழைத்தார். பிள்ளைகளை உட்கார வைத்துப் படம் எடுத்தார்கள். நான் ஓரமாக நின்றேன். பிறகு என்னிடம் கையை நீட்டினார்.

"சாவியக் குடுத்துரு கண்ணு. இவ்ளோ பாடுபட்டு ரெடி பண்ணிருக்குற. புள்ளைங்க ஒடைச்சுப் போட்டுருவாங்க. பரிச்சையன்னைக்குத் தொறந்துக்கலாம்."

நான் கொடுத்தேன். ஏன் கொடுத்தேன்?

டிசம்பர் 3, செவ்வாய்

பூட்டு.

டிசம்பர் 6, வெள்ளி

பேருந்து நிலையத்துக்கு எதிரில் ஃப்ளெக்ஸ் வைத்திருக்கிறார்கள். அதிநவீன கணினி ஆய்வகம். மௌனிகா மௌஸைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். பின்னால் பச்சை மேடு. என் தோள்பட்டை மட்டும் ஓரத்தில் தெரிகிறது.

அந்தப் படத்தில் இருக்கும் அறைக்குள் அந்தப் பெண் போக முடியாது.

டிசம்பர் 10, செவ்வாய்

பூட்டு. என் லேப்டாப்பை வகுப்புக்குக் கொண்டுபோனேன். இருபத்துமூன்று பேருக்கு ஒன்று. ஆளுக்கு இரண்டு நிமிடம். மணியடித்தபோது பதினோரு பேர் பாக்கி.

மௌனிகா ஒரு துப்பறியும் வேலை ஆரம்பித்திருக்கிறாள். 691-ஐ முதலில் எழுதியது யார் என்று கண்டுபிடிக்கப் போகிறாளாம். இங்கே எல்லோரும் மேல் வகுப்பு அக்காவின் ரெக்கார்டை வாங்கிப் பார்த்து எழுதுவதுதான் வழக்கம். மௌனிகா காவ்யா அக்காவைப் பார்த்து எழுதினாள். காவ்யா அக்கா யாரைப் பார்த்து எழுதினாள் என்று கேட்கப் போகிறாள்.

கண்டுபிடித்து என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டேன்.

"ஒரு பத்து ரூவா குடுத்து, இந்தாங்கக்கா நீங்க விட்ட பத்துன்னு சொல்லுவங்க மிஸ்."

டிசம்பர் 19, வியாழன்

அரையாண்டுத் தேர்வு. மேற்பார்வை. மௌனிகா தாள் கொடுத்துவிட்டுப் போகும்போது, 691-ஐத் தேடி மூன்று வருடம் பின்னால் போய்விட்டேன் மிஸ் என்றாள். படிப்பைப் பார் என்று கடுமையாகச் சொன்னேன். அந்தப் பெண் முகம் வாடிவிட்டது.

அவ்வளவு கடுமை தேவையில்லை.

ஜனவரி 20, திங்கள்

பொங்கல் விடுமுறைக்குப் பிறகு முதல் நாள். மௌனிகா ஒரு பழைய ரெக்கார்டைக் கொண்டு வந்து என் மேசையில் வைத்தாள். பழுப்பு அட்டை போட்டது. பெயர் ஒட்டும் சீட்டு கிழிந்திருந்தது. பைத்தான் பாடத்தில் வந்த முதல் வருடத்து நோட்டாம், இதற்குப் பின்னால் போக முடியாது என்றாள். எடப்பாடி ரோட்டில் ஒரு அக்கா வீட்டுப் பரணில் கிடைத்ததாம். அந்த அக்கா இதைத் தனக்கு முந்தைய செட்டில் முதல் மார்க் வாங்கிய பெண்ணிடம் வாங்கி எழுதினாளாம். பெயர் மறந்துவிட்டதாம்.

"691 இருக்குங்க மிஸ். அழகாக் கட்டம் போட்டு எழுதியிருக்குறாங்க" என்றாள்.

நான் பார்க்கிறேன் என்று பைக்குள் வைத்தேன்.

அவள் போகவில்லை. என் முகத்தையே பார்த்தாள். பிறகு, "கையெழுத்து நல்லா இருக்குதுங்க மிஸ்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். தினமும் நான் கரும்பலகையில் எழுதுவதைப் பார்க்கிறவள்.

ஜனவரி 21, செவ்வாய்

வேலை எதுவும் ஓடவில்லை.

ஜனவரி 23, வியாழன்

எழுதிவிடுகிறேன். இதை யாரும் படிக்கப் போவதில்லை.

அது என் ரெக்கார்டு. அந்த வருடம் பைத்தான் புதிது. பார்த்து எழுத அக்காக்கள் யாரும் இல்லை. இடப்பக்கத்தை நிரப்பி நாளைக்குக் கொண்டு வா என்றார் சாந்தி மிஸ். ஆய்வகம் பூட்டியிருந்தது. வகுப்பில் முதல் மார்க் நான்தான் என்பதால் என்னிடம் கொடுத்தார்கள். நான் போட்டதை எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். பதினேழு புரோகிராமுக்கும் அம்மாவின் நாடாக் கட்டில் மேல் உட்கார்ந்து நானே கணினியாக இருந்து விடை போட்டேன். பதினாறு சரி. ஒன்றில் மேலே கொண்டுபோக வேண்டிய ஒன்றை விட்டுவிட்டேன்.

முழு மதிப்பெண் கொடுத்தார்கள். எங்கள் வீட்டில் ஒருவரும் அதுவரை கல்லூரிக்குப் போனதில்லை. அப்பா தறியை நிறுத்திவிட்டு வந்து அந்த மதிப்பெண் பட்டியலைத் தொட்டுப் பார்த்தார்.

திரையின் பட்டனை அழுத்திவிட்டு உட்கார்ந்திருந்த பெண்ணும் நான்தான்.

ஐந்து வருடமாக யாரும் கூட்டிப் பார்க்கவில்லை. எனக்கு என் மேல்தான் கோபம் வர வேண்டும். வருகிறது. ஆனால் அதைவிட அதிகமாக, பதினேழு வயதுப் பெண் ஒருத்தியைக் கணினியாக்கி உட்கார வைத்துவிட்டுக் கணினியைப் பூட்டி வைத்தவர்கள் மேல் வருகிறது. இரண்டும் ஒன்றாக வருகிறது. பிரிக்கத் தெரியவில்லை.

பிப்ரவரி 10, திங்கள்

செய்முறைத் தேர்வு. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

தைப்பூசத்துக்காக ஐயா பழனிக்கு நடந்து போயிருக்கிறார். சாவியை முதல்வரிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். ஒன்பது மணிக்கு ஆய்வகத்தைத் திறந்தேன். தூசி தட்டி, பதினான்கையும் போட்டேன். பதினான்கும் எழுந்தன. இருபத்துமூன்று பேரும் ஷூவைக் கழற்றிவிட்டு, இரண்டு அணியாகத் தயாராக நின்றார்கள்.

வெளித்தேர்வாளர் பத்து மணிக்கு வந்தார். வேறொரு ஊர்ப் பள்ளியின் ஆசிரியர், பெயர் திருஞானம். ஐம்பது வயது இருக்கும், களைத்த மனிதர். இது அவருக்கு இந்தச் சுற்றில் நான்காவது பள்ளியாம். முதல்வர் அறையில் உட்கார வைத்தார்கள். காபி வந்தது. ரெக்கார்டுகளை அடுக்கிக் கொண்டுவரச் சொன்னார்கள். நான் கொண்டுபோய் வைத்தேன். அவர் பக்கத்தைப் புரட்டுவார், கையெழுத்துப் போடுவார், அடுத்தது. சந்திரமதி மேடம் மதிப்பெண் தாளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். மதிய சாப்பாட்டுக்கு என்ன சொல்லலாம் என்று கேட்டார்.

பதினொன்றரைக்கு முடிந்துவிட்டது. எல்லோருக்கும் முழு மதிப்பெண் போட்டுவிடலாம், நல்ல பிள்ளைகள் என்றார் அவர். பேனாவை மூடினார். அங்கே கீழே பெண்கள் இன்னும் நின்றுகொண்டிருந்தார்கள்.

நான், "சார்" என்றேன்.

அவர் நிமிர்ந்தார்.

"மொத்தம் எத்தனை ரெக்கார்டு சார்?"

"ஏம்மா? எண்ணிக்கங்க."

மேடம் எண்ணினார். இருபத்துநான்கு. மறுபடி எண்ணினார்.

"பொண்ணுங்க இருபத்துமூணு பேர்தாங்க சார்" என்றேன். நான் நடுவில் செருகியிருந்த பழுப்பு அட்டை நோட்டை உருவி, அவர் முன்னால் விரித்து வைத்தேன். கடைசிப் பக்கத்தில் ஐந்து வருடத்துக்கு முந்தைய தேர்வாளரின் கையெழுத்து இருந்தது. அதற்குக் கீழே, இன்னும் மை காயாமல், இவருடையது. "இது என்னோடது சார். நான் இங்க படிச்சப்ப எழுதுனது."

மேடத்தின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நிறுத்தியிருப்பேன்.

இடப்பக்கத்தைக் காட்டினேன். இந்த விடை தப்பு, இதைத்தான் ஐந்து வருடமாக எல்லாப் பிள்ளைகளும் எழுதுகிறார்கள், நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், நீங்களும் இப்போது போட்டுவிட்டீர்கள் என்றேன். "கீழ பதினாலு கம்ப்யூட்டர் ஓடுதுங்க சார். மூணு வாரம் உக்காந்து நாங்களே சரி பண்ணுனது. ஒரு தடவ வந்து பாத்துட்டு மார்க் போடுங்க. கம்மியா வந்தாலும் பரவாயில்ல."

என் வாழ்நாளில் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியதில்லை.

அவருக்குக் கோபம் வந்தது. வரத்தான் செய்யும். என்னை மாட்டிவிடப் பார்க்கிறாயா என்று கேட்டார். இல்லை சார் என்றேன். அவர் என் நோட்டைத் தன் பக்கம் இழுத்தார். சுண்டுவிரலால் மேசையில் எதையோ எழுதினார். கூட்டிப் பார்க்கிறார் என்று பிறகுதான் புரிந்தது.

எழுந்தார். ஆய்வக வாசலில் ஷூவைக் கழற்றினார். சாக்ஸில் ஒரு ஓட்டை இருந்தது.

பிறகு நடந்தது தேர்வு. உண்மையான தேர்வு. சீட்டு எடுக்கச் சொன்னார். ஆளுக்கொரு புரோகிராம். டிசம்பரிலிருந்து என் ஒரே லேப்டாப்பில் முறை வைத்துப் பழகியவர்கள். நஸ்ரின் இரண்டு முறை பிழை வந்து மூன்றாம் முறை சரி செய்தாள். ஒருத்திக்கு அழுகை வந்துவிட்டது, அழுதுகொண்டே அடித்தாள், ஓடியது. மௌனிகாவுக்கு அந்தத் தொடர்தான் வந்தது. 701.0. அவர் ரெக்கார்டைத் திருப்பி 691-ஐக் காட்டி, எது சரி என்று கேட்டார்.

"கம்ப்யூட்டருதாங்க சார் சரி" என்றாள். ஒரு கணம் என்னைப் பார்த்தாள். "ரெக்கார்டுல இருக்கறது, கம்ப்யூட்டர் இல்லாம போட்டதுங்க சார்."

மௌனிகா எங்கே பேசாமல் இருக்க வேண்டும் என்று தெரிந்துதான் வைத்திருக்கிறாள்.

இரண்டாவது அணி முடியும்போது மூன்றரை. சாப்பாடு ஆறிவிட்டது. பதினேழு பேருக்கு முழு மதிப்பெண். ஆறு பேருக்கு ஒன்றிரண்டு குறைவு. குறைந்தவர்களில் ஒருத்தி என்னிடம் வந்து, தனக்கு ஏன் குறைந்தது என்று தெரியும் மிஸ் என்றாள். அதைச் சொல்லும்போது சிரித்தாள்.

பிப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசம். விடுமுறை. என் ரெக்கார்டை எடுத்து 691-ஐ அழித்தேன். பென்சில்தானே, சட்டென்று போய்விட்டது. சாந்தி மிஸ்ஸின் சிவப்புக் கையெழுத்தில் பாதியும் கூடப் போனது.

பிப்ரவரி 13, வியாழன்

ஐயா பழனியிலிருந்து வந்துவிட்டார். மொட்டைத் தலையில் சந்தனம். என்னைக் கூப்பிட்டுப் பஞ்சாமிர்தம் கொடுத்தார். ஆறு பிள்ளைகளுக்கு மார்க் குறைந்ததை அறிந்திருந்தார். பள்ளி மானம் போய்விட்டது என்றார். சத்தம் போடவில்லை. "அடுத்த வருசத்துக்கு வேற ஆளப் பாத்துக்கறோங் கண்ணு" என்றார், பஞ்சாமிர்தம் கையில் இருக்கும்போதே. ஆய்வகத்துக்குப் பூட்டுப் போட்டாகிவிட்டது. அடுத்த திறப்பு ஆயுதபூஜைக்கு.

கையை எங்கே துடைப்பது என்று தெரியாமல் நின்றேன். இந்த முறை பயம் வரவில்லை.

பிப்ரவரி 14, வெள்ளி

மாலை பேருந்து நிறுத்தத்தில் மௌனிகா ஓடி வந்தாள். பிளஸ் ஒன் பெண்கள் வழக்கம்போல ரெக்கார்டு கேட்டு வந்திருக்கிறார்கள். கொடுத்துவிட்டாயா என்று கேட்டேன். குரலில் கோபம் வந்திருக்க வேண்டும். அவள் ஆமாம் என்று அவசரமாகத் தலையாட்டினாள்.

இருபத்துமூன்று பேரும் கொடுத்துவிட்டார்களாம். கொடுப்பதற்கு முன்னால் மதிய இடைவேளையில் உட்கார்ந்து, எல்லா நோட்டிலும் இடப்பக்கம் முழுவதையும் அழித்திருக்கிறார்கள். 691 மட்டும் இல்லை, சரியான விடைகளையும். உங்கள் கையெழுத்துகளும் போய்விட்டன, மன்னித்துக்கொள்ளுங்கள் மிஸ் என்றாள். விரல் நுனியெல்லாம் ரப்பர்த் தூள்.

சரியாக இருந்ததை ஏன் அழித்தீர்கள் என்றேன்.

"பாத்து எழுத ஒண்ணும் இல்லீன்னா, போட்டுப் பாத்துத்தான எழுதோணும்?" என்றாள் மௌனிகா. "முப்பத்தொரு பேருங்க மிஸ் அவங்க. எல்லாரும் சேந்து போயி சாவி கேக்கட்டும்."

என் பையில் இருந்த லினக்ஸ் பென்டிரைவை எடுத்து அவளிடம் கொடுத்தேன். பேருந்து வந்துவிட்டது.